போட்டோஷாப் வாங்கக் காசில்லையா? கல்வராயன்மலை அடிவார ஸ்டூடியோ கற்ற பாடம்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் வழியில், கல்வராயன்மலை முழுசாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் என் சித்தப்பாவின் ஸ்டூடியோ இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஒரு நீலத் திரை, இரண்டு குடை லைட், ஒரு கம்ப்யூட்டர். ஆதார், ரேஷன் கார்டு வேலைக்கென்று மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு அங்கேதான் உட்காருவார்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் கல்யாண ஆர்டர். நடுவில் காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி பேனர். இதுதான் அந்தக் கடையின் வருட வரவு.

2023 தை மாதம் ஒருநாள் காலையில் சித்தப்பாவிடமிருந்து போன். "பாப்பா, நீ கம்ப்யூட்டர் சமாசாரமெல்லாம் எழுதுறவதானே? போட்டோ எதுவுமே திறக்க மாட்டேங்குது. 980 டாலர் கட்டச் சொல்லுது. நம்ம காசுக்கு எவ்வளவு வரும்?"

எனக்குக் கை நடுங்கியது. முந்தைய நாள் இரவு, பாலிடெக்னிக் படிக்கும் தம்பி, கல்யாண வீடியோவில் பூ கொட்டுகிற மாதிரி ஒரு எஃபெக்ட் போடுவதற்காக, காசு கட்டி வாங்க வேண்டிய சாஃப்ட்வேரின் 'கிராக்' ஒன்றை இறக்கியிருக்கிறான். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்று அதில் போட்டிருந்ததையும் அப்படியே கேட்டிருக்கிறான். விடிந்தபோது ஒவ்வொரு போட்டோவின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு மிரட்டல் கடிதம். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலையாம்!

கிராக் சாஃப்ட்வேர் வழியாகவே பரவும் ரேன்சம்வேர் வகை இது. 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் பெயர். உலகம் முழுக்கப் பல லட்சம் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பூட்டியது. பணம் கட்டினாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சித்தப்பா கட்டவில்லை. கட்டுவதற்கு அவரிடம் இருக்கவும் இல்லை.

பாட்டி கேட்ட ஒரே படம்

மற்ற வாடிக்கையாளர்களிடம் முன்பணத்தைத் திருப்பித் தந்து, திட்டு வாங்கி, ஒருவழியாகச் சமாளித்துவிட்டார். சமாளிக்க முடியாமல் போனது ஒரே ஓர் இடத்தில்தான். வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். பேத்தி கல்யாண ஆல்பத்தை அவர் கேட்கவில்லை. "எங்க வூட்டுக்காரர் படம் மட்டும் இருந்தாக் குடு சாமி" என்றார். கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் தாத்தா இறந்துவிட்டார். அவரைப் போட்டோ எடுத்தது அந்தக் கல்யாணத்தில்தான். மற்றபடி இருந்தது அடையாள அட்டையில் உள்ள மங்கலான முகம் மட்டும்.

கேமரா கார்டையும் அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டிருந்தார்கள். நான் சென்னையிலிருந்து வந்து, 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை அந்தக் கார்டின் மேல் ஓட்டினேன். கார்டில் அழித்த படம் உடனே மறைந்துவிடாது. அதன் மேல் புதிய படம் பதியும்வரை உள்ளேயே இருக்கும். அப்படி மிஞ்சியதைத் தோண்டி எடுக்கும் கருவி இது. 1,400 படங்களில் 212 மீண்டன. அதில் ஒன்றில், பந்தி நடக்கும் இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தாத்தா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மூலையை வெட்டி, வெளிச்சம் ஏற்றி, பக்கத்தில் நின்றவரின் கையை நீக்கி, சுத்தம் செய்ததும் ஓர் இலவச மென்பொருளில்தான். அதன் பெயர் 'ஜிம்ப்'. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இது எல்லாத்தையும் செய்யுது. அப்புறம் ஏன் இவ்வளவு நாள் திருட்டுச் சரக்க வெச்சுக்கிட்டு இருந்தோம்?" என்று கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

வாங்கவும் முடியாது, விடவும் முடியாது!

அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப், 1990-ல் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை காசு கொடுத்தால் காலத்துக்கும் நமக்கே சொந்தம் என்றிருந்த காலம் அது. அடோபி நிறுவனம் 2013-ல் அந்த முறையைக் கைவிட்டு, புதிய பதிப்புகளுக்குச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. போட்டோ, வீடியோ, டிசைன் என்று முழுத் தொகுப்பையும் எடுத்தால் வருடத்துக்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். மாதம் முழுக்கக் கல்யாணம் இருக்கும் சென்னை ஸ்டூடியோவுக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. ஆடியிலும் மார்கழியிலும் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருக்கும் சின்ன ஊர் ஸ்டூடியோவுக்கு அது வாடகைக்குச் சமம்.

அதனால்தான் நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் ஃப்ளெக்ஸ் கடைகளிலும், 2002-ல் வந்த போட்டோஷாப் 7.0-வின் காப்பி இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. 'யார் வந்து கேட்கப்போகிறார்கள்?' என்ற தைரியம். ஆனால், பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-பி பிரிவு, திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்துவதையும் குற்றம் என்கிறது. ஏழு நாள் முதல் மூன்று வருடம்வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். சட்டம் வரும் முன்பே வைரஸ் வந்துவிடும் என்பதுதான் எங்கள் வீட்டு அனுபவம்.

போட்டோவுக்கு என்ன இருக்கிறது?

ஜிம்ப்: 1995-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில், ஒரு எஃபெக்ட்டைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றும் வசதி வந்துவிட்டது. போட்டோஷாப் ஷார்ட்கட்டுக்குக் கை பழகியவர்கள் 'போட்டோஜிம்ப்' என்ற இணைப்பைப் போட்டுக்கொண்டால், திரையும் கீகளும் ஏறக்குறைய பழைய மாதிரியே மாறிவிடும்.

போட்டோபியா: இதை இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், பிரௌசரில் திறந்தால் போதும். பார்க்க அப்படியே போட்டோஷாப் போல இருக்கும். கல்யாண ஆல்பத்துக்கு வாங்கி வைத்திருக்கும் பிஎஸ்டி டெம்ப்ளேட்களை லேயர் கலையாமல் திறப்பதில் கெட்டிக்காரன். ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

டார்க்டேபிள், ராதெரபி: டிஎஸ்எல்ஆர் கேமராவின் 'ரா' ஃபைல்களுக்கு இவை இரண்டும். மண்டபத்தில் ஒரு போட்டோவுக்குச் சரிசெய்த நிறத்தை, அடுத்த 300 போட்டோக்களுக்கும் ஒரே நேரத்தில் ஏற்றிவிடலாம். லைட்ரூமில் செய்யும் வேலைதான்.

அஃபினிட்டி: சில வருடங்களுக்கு முன்புவரை காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்த மென்பொருள். இதை 2024-ல் கேன்வா நிறுவனம் வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில், புதிய பதிப்பை இலவசம் என்று அறிவித்துவிட்டது. கேன்வாவில் ஓர் இலவசக் கணக்கு இருந்தால் போதும். ஏஐ வசதிகளுக்கு மட்டும் கட்டணம்.

ஆல்பம் போடுபவர்களுக்கு ஒரு கணக்கு: 12-க்கு 36 இன்ச் ஷீட்டுக்கு 300 டிபிஐ வேண்டுமென்றால், ஃபைல் 10,800-க்கு 3,600 பிக்சலில் இருக்க வேண்டும். எந்த மென்பொருளில் செய்தாலும் இந்த அளவில் ஜேபெக் கொடுத்தால், பிரின்ட் லேபுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. பத்திரிகை அச்சடிக்க ஆஃப்செட் பிரஸ்ஸுக்குக் கொடுப்பதென்றால் மட்டும், நான்கு வண்ணப் பிடிஎஃப் கேட்பார்கள். அதற்கு ஜிம்ப்பைவிட 'ஸ்கிரைபஸ்' என்ற இலவச மென்பொருளோ, அஃபினிட்டியோ பொருத்தம்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க...

ஃப்ளெக்ஸ் கடைகளில் பலரும் திருட்டுச் சாஃப்ட்வேரை விடாததற்கு இன்னொரு காரணம், தமிழ் எழுத்து. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களிலேயே டைப் அடித்துப் பழகிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோட் தமிழைப் பழைய சாஃப்ட்வேரில் ஒட்டினால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். 'கொ'வும் 'கௌ'வும் படும் பாட்டைச் சொல்லி மாளாது.

ஜிம்ப், லோகோ வரையப் பயன்படும் இன்க்ஸ்கேப் இரண்டிலும் யூனிகோட் தமிழ் உடையாமல் வருகிறது. எழுத்துருவுக்கும் காசு வேண்டாம். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, கவிவாணர், பாலூ தம்பி என்று பேனருக்கும் பத்திரிகைக்கும் ஏற்ற எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கடை வேலைக்கும் பயன்படுத்தலாம், உரிமப் பிரச்னை இல்லை. பாமினியில் இருக்கும் பழைய மேட்டரை யூனிகோடுக்கு மாற்ற என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் இருக்கிறது. அதுவும் இலவசம்தான்.

வீடியோவுக்கு ஹாலிவுட் சரக்கே இலவசம்!

சித்தப்பா நம்ப மறுத்தது இதைத்தான். சினிமாவுக்கு நிறம் சேர்க்கும் 'டா வின்சி' கருவிகள் ஒருகாலத்தில் லட்சக்கணக்கான டாலர் விலை. 2009-ல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் நிறுவனம் அதை வாங்கி, 2011-ல் அதன் மென்பொருளுக்கு ஓர் இலவசப் பதிப்பை விட்டது. அதுதான் இன்றைய 'டா வின்சி ரெசால்வ்'. எடிட்டிங், கலர், சவுண்ட், கிராஃபிக்ஸ் எல்லாம் ஒரே இடத்தில். வாட்டர்மார்க் கிடையாது. இலவசப் பதிப்பில் 4கே வரை வெளியெடுக்கலாம். கல்யாண வீடியோவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இருட்டில் எடுத்த வீடியோவின் புள்ளிகளை நீக்குவது போன்ற சில வசதிகள் மட்டும் காசு கொடுத்து வாங்கும் 'ஸ்டூடியோ' பதிப்பில். அதன் விலை 295 டாலர். வரியோடு சேர்த்தால் 25,000 ரூபாயைத் தாண்டும். ஆனால், அது ஒரே ஒருமுறை. சந்தா இல்லை.

ரெசால்வில் ஒரு சிக்கல், அது பெரும் தீனிக்காரன். 16 ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் இல்லாவிட்டால் அடிக்கடி உறைந்து நிற்கும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் இல்லையா? 'கேடென்லைவ்', 'ஷாட்கட்' இரண்டும் பழைய மெஷினிலும் ஓடும். கேடென்லைவில் 'பிராக்ஸி' என்று ஒரு வசதி உண்டு. பெரிய வீடியோவுக்குப் பதிலாக அதன் சின்ன நகலை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் அசலில் வெளியெடுக்கும். தமிழகத்தில் 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் மெஷின் ஏதாவது வீட்டுப் பரணில் தூங்கிக்கொண்டிருந்தால், அதிலேயே குறும்படம் எடிட் செய்து பழகலாம்.

டைட்டிலில் தமிழ் சரியாக வரவில்லையென்றால் ஒரு குறுக்குவழி: இன்க்ஸ்கேப்பில் பெயரை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக்கி, வீடியோவின் மேல் வைத்துவிடுங்கள். எந்த எடிட்டரிலும் வேலை செய்யும். மைக்கில் காற்றுச் சத்தமோ ஃபேன் இரைச்சலோ இருந்தால் 'ஆடாசிட்டி'யில் குறைக்கலாம்.

'இலவசத்தில் செய்தால் தரம் இருக்குமா?' என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'ஃப்ளோ', லாட்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து வந்தது. பெரிய ஸ்டூடியோக்களின் படங்களைத் தாண்டி ஜெயித்த அந்தப் படத்தை உருவாக்கியது 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில்!

போன் மட்டும்தான் இருக்கிறதா?

பெரும்பாலோருக்கு அதுதான் நிலைமை. போட்டோவுக்கு ஸ்நாப்சீட் போதும். 2012-ல் கூகுள் வாங்கிய இந்த ஆப் இன்றும் விளம்பரமில்லாத இலவசம். வீடியோவுக்கு விஎன், யூடியூப் கிரியேட், 2025-ல் இன்ஸ்டாகிராம் விட்ட எடிட்ஸ் ஆகியவை வாட்டர்மார்க் போடாமல் வெளியெடுக்கின்றன. கைன்மாஸ்டரில் வசதி அதிகம். ஆனால் இலவசப் பதிப்பில் அதன் முத்திரை விழும்.

முத்திரையை நீக்க, டெலிகிராமில் சுற்றும் 'மாட் ஏபிகே'க்களை மட்டும் தொடாதீர்கள். கூகுள்பேவும் வங்கி ஓடிபியும் இருக்கும் அதே போனில், யார் மாற்றியது என்றே தெரியாத ஆப்பை வைத்துக்கொள்வது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம். ரீல்ஸுக்குப் பாட்டு வேண்டுமென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு, காப்பிரைட்டில் வீடியோ முடங்கியதென்று பிறகு வருத்தப்பட வேண்டாம்.

மலைமேல் சிக்னல் இல்லாவிட்டால்?

கல்வராயன்மலையில் பல இடங்களில் சிக்னல் வரும், போகும். சந்தா மென்பொருள் அவ்வப்போது இணையத்தில் எட்டிப்பார்த்து, 'கணக்கு உயிரோடு இருக்கிறதா?' என்று சரிபார்க்கும். ஜிம்ப், கேடென்லைவ், ஷாட்கட், இன்க்ஸ்கேப் எதற்கும் அது தேவையில்லை. கீழே கள்ளக்குறிச்சியில் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் எடுத்துப் போனால் மலை மேல் பத்து பேருக்கு இன்ஸ்டால் செய்து கொடுக்கலாம். இப்படிக் காப்பி எடுத்துக் கொடுப்பது குற்றம் இல்லை. அதன் உரிமமே அதை அனுமதிக்கிறது. 'கட்டற்ற மென்பொருள்' என்ற பெயருக்கு அதுதான் அர்த்தம். பயன்படுத்தலாம், பகிரலாம், மாற்றியும் எழுதலாம்.

ரெசால்வ், அஃபினிட்டி, போட்டோபியா மூன்றும் அப்படி அல்ல. இன்றைக்கு இலவசம், நாளைக்கு அந்த நிறுவனம் மனம் மாறினால் கேட்க முடியாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது நல்லது.

இலவசத்திலும் ஏமாறலாம்!

2022-ல் கூகுளில் 'ஜிம்ப்' என்று தேடியவர்களுக்கு, அசல் தளத்தைப் போலவே ஒரு போலித் தளத்தின் விளம்பரம் மேலே வந்தது. அதில் இறக்கியவர்களுக்குக் கிடைத்தது பாஸ்வேர்டு திருடும் வைரஸ். அதனால் தேடலில் 'ஸ்பான்சர்டு' என்றிருப்பதை விட்டுவிட்டு, அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஜிம்ப்புக்கு, ஜிம்ப் டாட் ஓஆர்ஜி. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. புதிய விண்டோஸ் ஏறாத பழைய கம்ப்யூட்டர் என்றால், லினக்ஸுக்கு மாறுவதையும் யோசிக்கலாம்.

முக்கியமாக, எடுத்த படத்துக்கு மூன்று காப்பி. கம்ப்யூட்டரில் ஒன்று, வேலை முடிந்ததும் கழற்றி வைக்கும் ஹார்டு டிஸ்கில் ஒன்று, கடைக்கு வெளியே வேறு இடத்தில் ஒன்று. கழற்றி வைத்த டிஸ்கை எந்த ரேன்சம்வேராலும் பூட்ட முடியாது.

யாரிடம் கற்றுக்கொள்வது?

2019 நவம்பரில் தனி மாவட்டமாகும்வரை கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடுதான் இருந்தது. அந்த விழுப்புரத்தில் இயங்கும் 'விஜிலக்' என்ற குனு லினக்ஸ் பயனர் குழு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் காசு வாங்காமல் சொல்லித்தருகிறது. 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் இதையெல்லாம் தமிழிலேயே எழுதிவருகிறது. யூடியூபிலும் தமிழ்ப் பாடங்கள் இருக்கின்றன.

ஒரே நாளில் மாற வேண்டாம். சித்தப்பாவுக்குக் கை பழக நான்கு மாதம் ஆனது. முதலில் பாஸ்போர்ட் போட்டோவை மட்டும் ஜிம்ப்பில் செய்தார். பிறகு பேனர். ஆவணி முகூர்த்தத்தில்தான் கல்யாண வீடியோவை ரெசால்வில் தொட்டார். அந்த நான்கு மாதமும் என்னை அவர் திட்டாத நாளில்லை. இன்னமும் சில வேலைகளுக்குப் போட்டோஷாப்தான் சுலபம் என்பார். அது உண்மையும்கூட. வருமானம் கூடினால் சந்தா கட்டி முறையாக வாங்கிக்கொள்ளலாம். அதுவரை திருட வேண்டிய அவசியம் இல்லை.

பூ கொட்டும் எஃபெக்ட்டைத் தம்பி இப்போது பிளெண்டரில் அவனே செய்கிறான். அந்தத் தாத்தா படத்தை எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரேம் போட்டு, சித்தப்பாவும் நானும் பைக்கில் மலையேறிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பாட்டி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார். "கேமராவப் பாருய்யான்னு எத்தன வாட்டி சொன்னேன், அப்பயும் பந்தியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு" என்று சிரித்தார். காசு எவ்வளவு என்று கேட்டார். சித்தப்பா வாங்கவில்லை. இறங்கி வரும்போது எங்கள் பைக்கில் ஒரு பை கடுக்காயும் ஒரு சீப்பு மலைவாழையும் இருந்தன.